முதல் மூன்று மாதம்: இதயத்துக்காக உடற்பயிற்சி தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் நாளே மூச்சு முட்ட ஓடி, மறுநாள் கால் வலியோடு படுத்து, இரண்டாவது வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுபவர்கள் ஏராளம். இதயத்துக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் இதுவரை பெரிதாக எதுவும் செய்ததில்லை என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். ஒன்றுமே செய்யாத நிலையிலிருந்து கொஞ்சம் செய்யும் நிலைக்கு வருவதில்தான் இதயத்துக்கு இருப்பதிலேயே பெரிய லாபம். தினமும் ஓடிப் பழகிய ஒருவர் இன்னும் அரை மணி நேரம் கூட்டினால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறியது. நாற்காலியே கதி என்றிருந்தவர் தினமும் இருபது நிமிடம் நடக்க ஆரம்பித்தால் கிடைப்பது மிகப் பெரியது. அதனால் முதல் மூன்று மாதம் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விடாமல் செய்கிறோமா என்பதை மட்டும் பாருங்கள்.

உடல் அசைவு இதயத்தைக் காக்கும் என்று கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று பிரிட்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் தேட ஆரம்பித்தார். லண்டனின் மாடிப் பேருந்துகள் அவருக்குக் கைகொடுத்தன. ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே பேருந்தில், ஒரே ஊரில் வேலை செய்பவர்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்; ஒரு வேலை நாளில் ஏறுவது சுமார் 500 முதல் 750 படிகள். 1953-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வெளிவந்தன. நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் வயது தள்ளித்தான் வந்தது. ஓட்டுநர்கள் பருமனாக இருந்ததுதான் காரணமோ என்ற சந்தேகத்தில் மாரிஸ் அவர்களது சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியான நடத்துநர், பருமனான நடத்துநர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. கடிதம் கொண்டு கொடுக்கும் தபால்காரர்களையும், மேசையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் அதே கதைதான்.

அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்வதாக நினைத்துப் படியேறவில்லை. வேலை அவர்களைத் தினமும் நகர வைத்தது, அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் இதயம் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. வேகமாக ஓடும்போது, பயிற்சி இல்லாதவருக்கே இது மூன்று, நான்கு மடங்காகும். இந்தக் கூடுதல் வேலையை அடிக்கடி கொடுத்துவந்தால் இதயம் தன்னை மாற்றிக்கொள்கிறது. முதலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். இது முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே தொடங்கிவிடும். பிறகு மெல்ல மெல்ல இதயத்தின் இடது கீழறை நன்றாக விரிந்து நிரம்பப் பழகுகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. அதே 5 லிட்டரைத் தள்ள இப்போது குறைவான துடிப்புகள் போதும்.

துடிப்பு குறைவதில் என்ன லாபம் என்று கேட்கலாம். இதயத் தசைக்கும் ரத்தம் வேண்டும். இடது கீழறையின் தசை சுருங்கும்போது அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்களும் நெரிபடும். அதனால் அந்தத் தசைக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி, இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் போய்ச் சேர்கிறது. துடிப்பு மெதுவானால் அந்த இடைவெளி நீளும். ஓய்வில் 72 ஆக இருந்த துடிப்பு 62 ஆகக் குறைந்தால் ஒரு நாளைக்கு 14,400 துடிப்புகள் மிச்சம். இதயத்துக்கு வேலை குறைவு, உணவு அதிகம்.

ரத்தக்குழாய்களிலும் மாற்றம் நடக்கிறது. வேகமாக நடக்கும்போது ரத்தம் குழாயின் உட்சுவரை உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசலை உணர்ந்து, உட்சுவரில் உள்ள மெல்லிய செல் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரிய வைக்கிறது. ரத்தம் கட்டிக்கொள்வதையும் குறைக்கிறது. நம் உடலில் இந்த வாயு செய்யும் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு முறை நன்றாக நடந்து முடித்த பிறகு பல மணி நேரத்துக்கு ரத்த அழுத்தம் சற்றே தாழ்ந்திருக்கும். தொடர்ந்து செய்துவந்தால், பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 புள்ளி வரை குறைகிறது. சிறிய எண்ணாகத் தெரியலாம். ஒரு மாத்திரை தரும் பலனுக்குப் பக்கத்தில் வரக்கூடியது அது.

தசைகளும் உதவுகின்றன. வேலை செய்யும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ஒரு முறை பயிற்சி செய்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் நிலை ஒன்றிரண்டு நாள் நீடிக்கும், அப்புறம் பழைய நிலைக்குப் போய்விடும். ஆகவே இரண்டு நாளைக்கு மேல் இடைவெளி விடாமல் இருப்பது நல்லது, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள்.

கொழுப்பு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். நல்ல கொழுப்பு ஓரளவு கூடும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு குறையும். கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்.டி.எல். மட்டும் நடைப்பயிற்சியால் பெரிதாக இறங்குவதில்லை. "தினமும் நடக்கிறேனே, கொழுப்பு மாத்திரை எதற்கு?" என்று தானாக நிறுத்திவிடாதீர்கள். புகைப்பழக்கத்தின் கேட்டையும் எந்த ஓட்டமும் கழுவிவிடாது.

உடல் எடை இந்தக் கணக்கில் நான் கடைசியாகப் பார்க்கும் எண். மேலே சொன்ன மாற்றங்களில் பலவும் எடை ஒரு கிலோ கூடக் குறையாமலே நடக்கும். எடை இறங்கவில்லை என்பதற்காகப் பயிற்சியை விடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்களுடைய இதயம் நன்றாகத் தேறிக்கொண்டிருந்திருக்கும்.

படி 1: தொடங்கும் முன்

எந்த நோயும் தொந்தரவும் இல்லாதவர் மெதுவாக நடக்கத் தொடங்குவதற்குப் பெரிய பரிசோதனைகள் தேவையில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டியவர்கள் இவர்கள்: ஏற்கெனவே இதய நோய், சர்க்கரை நோய் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள்; நடக்கும்போது நெஞ்சு இறுகுவது, மயக்கம் வருவது, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்குவது போன்ற தொந்தரவு உள்ளவர்கள்; குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், அவர்களும். தேவைப்பட்டால் அவர் ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் சோதனை சொல்வார். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் பயிற்சியின்போது சர்க்கரையை மிகவும் இறக்கிவிடலாம். அப்படிப்பட்டவர்கள் சட்டைப்பையில் இனிப்பாக ஏதாவது வைத்திருக்க வேண்டும்.

படி 2: நாடியை எண்ணி எழுதிவையுங்கள்

காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணிச் சராசரி எடுங்கள். இதுதான் உங்கள் தொடக்கப் புள்ளி. பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு; நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு 50-க்குக் கீழும் இருக்கும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் இந்த எண் சரியான அளவுகோல் ஆகாது. அவர்கள் தினமும் நடக்கும் அதே தூரத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

படி 3: எவ்வளவு வேகம்?

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. இருப்பதிலேயே நம்பகமான வழி பேசிப் பார்ப்பதுதான். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிகிறது என்றால் வேகம் போதாது. மூன்று, நான்கு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் அது கடும் பயிற்சி. இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

எண்ணாகத்தான் வேண்டும் என்றால், 220-இலிருந்து வயதைக் கழியுங்கள். 50 வயதுக்காரருக்கு 170. அதில் 50 முதல் 70 சதவீதம், அதாவது 85 முதல் 119 வரை, மிதமான பயிற்சிக்கான எல்லை. இது தோராயக் கணக்குதான். ஒரே வயதுள்ள இருவருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் சாதாரணமாக வரும். கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்துப் பதற்றப்படுவதைவிட, பேசிப் பார்ப்பது மேல்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்ற பேச்சும் உண்டு. அந்த எண் 1960-களில் ஜப்பானில் நடையளவிக் கருவி ஒன்றை விற்பதற்காகப் பிரபலமாக்கப்பட்டது. மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. அதற்கு வெகு கீழேயே பலன் தொடங்கிவிடுகிறது. நாலாயிரம் அடி நடப்பவர் ஐயாயிரம் நடந்தால் அதுவே முன்னேற்றம்.

படி 4: வாரம் வாரமாக

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும். கடுமையான பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம். அந்த 150-ஐ முதல் வாரத்திலேயே தொட வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரம், வாரத்தில் ஐந்து நாள், நாளைக்குப் பத்தே நிமிடம் நடங்கள். இன்னும் நடக்கத் தெம்பு இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். இந்தக் கட்டத்தின் வேலை பழக்கத்தை உண்டாக்குவது மட்டும்தான். தினமும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அது சீக்கிரம் படியும். மூன்றாவது, நான்காவது வாரம் பதினைந்து நிமிடம். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒன்பதாவது வாரத்தில் அரை மணி நேரம் வந்துவிடும், ஐந்து நாளைக்கு 150 நிமிடம். ஏதாவது ஒரு கட்டம் கஷ்டமாக இருந்தால் அடுத்ததற்குப் போகாமல் அங்கேயே இன்னும் ஒரு வாரம் இருங்கள். அவசரமே இல்லை.

பதினொன்றாவது வாரத்திலிருந்து, உடல் ஒத்துழைத்தால், நடுநடுவே ஒரு நிமிடம் வேகத்தைக் கூட்டி, இரண்டு நிமிடம் வழக்கமான வேகத்துக்கு வந்து, மறுபடி கூட்டிப் பார்க்கலாம்.

ஒரே மூச்சில் அரை மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். முன்பு ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்று சொல்லிவந்தார்கள். 2020 வழிகாட்டுதல் அதையும் எடுத்துவிட்டது. மாடிப்படி ஏறிய இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். நடைதான் வேண்டும் என்றும் இல்லை. மூட்டு வலி உள்ளவர்களுக்கு நீச்சலும் சைக்கிளும் நடையைவிடச் சௌகரியமானவை.

எதைச் செய்தாலும் முதல் ஐந்து நிமிடம் மெதுவாகத் தொடங்குங்கள். முடிக்கும்போதும் சட்டென்று நின்றுவிடாதீர்கள். வேகமாக நடக்கும்போது கால் தசைகள் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ரத்தத்தை மேலே தள்ளி இதயத்துக்கு உதவுகின்றன. திடீரென்று நின்றால் விரிந்த குழாய்களில் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நில்லுங்கள்.

படி 5: தசைக்கும் வாரம் இரண்டு நாள்

மூன்றாவது வாரத்திலிருந்து இதைச் சேர்த்துக்கொள்ளலாம். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, நின்றுகொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று. எடை தூக்கும்போது மூச்சைப் பிடித்து முக்காதீர்கள். அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். பளுவைத் தூக்கும்போது மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய நேரங்கள்

நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ எரிச்சலோ வந்தால், வலி இடது கை, தாடை, முதுகு என்று பரவினால், வேலைக்குப் பொருத்தமில்லாமல் மூச்சு வாங்கினால், குளிர்ந்து வியர்த்தால், தலை சுற்றினால், துடிப்பு தாறுமாறாக ஓடினால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உட்கார்ந்த பிறகு சில நிமிடத்தில் அடங்கினாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். அடங்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பெண்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் மாரடைப்பு சில நேரம் நெஞ்சு வலியே இல்லாமல் வரும். அவர்களுக்குக் காரணமில்லாத அசதி, குமட்டல், மூச்சுத் திணறல் இவையே எச்சரிக்கை.

"உடற்பயிற்சி செய்யும்போதே மாரடைப்பு வந்ததாமே" என்று பயப்படுபவர்களுக்கு ஒரு விவரம். திடீர்க் கடும் உழைப்பு மாரடைப்பைத் தூண்டுமா என்று பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1993-இல் வெளிவந்தது. வாரத்தில் ஐந்து நாளும் அதற்கு மேலும் பயிற்சி செய்பவர்களுக்குக் கடுமையாக உழைத்த அடுத்த ஒரு மணி நேரத்தில் ஆபத்து ஏறக்குறைய இரண்டரை மடங்குதான் கூடியது. பழக்கமே இல்லாதவர்களுக்கு அது நூறு மடங்கைத் தாண்டியது. ஏதாவது ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிக மிகச் சிறியது என்பதால் இந்த மடங்குகளைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் பல வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் பந்தயத்தில் இறங்குவது ஏன் தவறு என்பது இதிலிருந்து புரியும்.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள்

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழவே விடமாட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லௌன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்போது அதற்கு எதிர்ப்பு இருந்தது. இன்று நிலைமை தலைகீழ். சீரான பயிற்சி, இதய நோயால் இறக்கும் ஆபத்தைக் குறைக்கிறது என்பதால் இதய மறுவாழ்வுப் பயிற்சி என்றே தனியாக ஒன்று சிகிச்சையின் பகுதியாக இருக்கிறது. உங்கள் டாக்டர் அதைப் பற்றிப் பேசாவிட்டால் நீங்களே கேளுங்கள். முதல் சில வாரம் துடிப்பையும் அழுத்தத்தையும் யாராவது கண்காணிக்கும் இடத்தில் செய்வது நல்லது. பயத்தில் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பதுதான் இதில் நான் அதிகம் அஞ்சும் தவறு. குடும்பத்தினரும் அன்பு மிகுதியால் "நீங்க ஒண்ணும் செய்யாதீங்க, உட்காருங்க" என்று சொல்லிச் சொல்லியே அவர்களைப் பலவீனமாக்கிவிடுகிறார்கள்.

படுத்துக் கிடப்பது என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் டல்லாஸில் 1966-இல் நடந்த ஆய்வு ஒன்று போதும். ஆரோக்கியமான இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தபோது, முப்பது வருட முதுமையைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களது உடல் திறனை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. ஐம்பது வயதில் அவர்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்ததும் இழந்த திறன் திரும்பியது என்பது இன்னும் நல்ல செய்தி.

இடைவெளி விழுந்தால்

விழத்தான் செய்யும். நான்கைந்து நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால், உடல் பெற்ற மாற்றங்கள் கரையத் தொடங்கியிருக்கும். அட்டவணையில் இரண்டு கட்டம் பின்னால் போய் ஆரம்பியுங்கள். வார நாட்களில் நேரமே கிடைக்காதவர்கள் 150 நிமிடத்தை இரண்டு நாளில் செய்தாலும் இதயத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு நன்மை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது பழகிய உடலுக்குத்தான்; முதல் மூன்று மாதம் பிரித்தே செய்யுங்கள்.

காய்ச்சல் இருக்கும்போது மட்டும் பயிற்சி கூடவே கூடாது. சில வைரஸ்கள் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அந்த நேரத்தில் கடுமையாக உழைத்தால் ஆபத்து. காய்ச்சல் முழுதாக விட்டு, படியேறினால் முன்பு போலவே மூச்சு இருக்கிறது என்று தெரிந்த பிறகு பத்து நிமிட நடையில் தொடங்குங்கள். அந்த நாட்களில் காலை நாடியை மறுபடி எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடுதலாக இருந்தால் உடல் இன்னும் தேறவில்லை. இன்னும் ஓரிரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டுத் தொடரலாம். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் அந்த எண்களைக் காட்டுங்கள்.